ஐந்தாவது குருவி

ஜெயமோகனின் ‘அறம்’ என்னும் சிறுகதைத் தொகுப்பு 2011ஆம் ஆண்டு வெளிவந்தது. உண்மையில் வாழ்ந்த மனிதர்களை நடுவில் நிறுத்தி எழுதப்பெற்ற கதைகள் அதில் உள்ளன. ஆசிரியர் நம் குமரி மாவட்டத்துக்காரர். கதைகளுள் சில நம் மண்ணிலேயே நிகழ்வன. ஆதலால் இத்திங்களிதழின் வாசகருள் பலர் அந்நூலைப் படித்திருப்பர். அதிலுள்ள ‘ஓலைச்சிலுவை’, ‘யானை டாக்டர்’ என்னும் இரு கதைகளையும் அடுத்தடுத்துப் படிக்கும் கிறிஸ்தவ வாசகருக்கு ஒரு சங்கடம் நேர்கிறது. அதனை மூடி மறைக்காமல் எடுத்துப் பேசுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

‘ஓலைச்சிலுவை’ நெய்யூர் மருத்துவமனையின் டாக்டர் சோமர்வெல்லைப் பற்றியது. 1922, 1924 ஆகிய ஆண்டுகளில் எவரெஸ்ட் சிகரத்தை நோக்கிச் சென்ற குழுக்களில் இடம்பெற்ற அந்த ஆங்கிலேய அறுவை மருத்துவர், பின்னர்த் தென் திருவிதாங்கூரின் ஏழைகளுக்கே தம் வாழ்வின் நல்ல ஆண்டுகளைக் கொடுத்தார். பசியும் காலராவும் நிறைந்த அக்கதையில் இரக்கத்தின் ஊற்று எது என்பதில் ஐயத்துக்கு இடமில்லை. தலைப்பிலேயே சிலுவை இருக்கிறது. நம் சகோதரச் சபையைச் சேர்ந்த ஒருவரைக் கிறிஸ்தவர் அல்லாத ஓர் எழுத்தாளர் இவ்வளவு மதிப்புடன் எழுதியிருக்கிறாரே என்று நாம் மகிழ்கிறோம், மகிழ்வது முறையே.

‘யானை டாக்டர்’ தமிழ்நாடு வனத்துறையின் கால்நடை மருத்துவராக விளங்கிய வி. கிருஷ்ணமூர்த்தியை முன்மாதிரியாகக் கொண்டது. ஆனைமலையில் டாப்ஸ்லிப் காட்டுக்குப் பணிக்கு வரும் ஓர் இளம் வன அதிகாரி கதையைச் சொல்கிறார். அழுகிய யானையின் உடலை அறுத்துச் சோதிக்கும் மருத்துவர், சுற்றுலா வந்தோர் வீசியெறிந்த பீர் பாட்டிலின் கண்ணாடிச் சில்லு காலில் ஏறிச் சீழ்பிடித்து நிற்கும் யானை, காட்டு விலங்குகள் மனிதரை நம்பி நிற்கும் கணங்கள் என்று கதை விரிகிறது. இங்கே சிலுவை இல்லை. கிறிஸ்துவின் பெயரும் இரக்கத்தின் காரணமாகச் சொல்லப்படவில்லை. ஆயினும், முன்னைய கதையில் நாம் கண்ட அதே குனிதல், அதே தன்னை மறத்தல், அதே அருவருப்பைக் கடந்த தொடுகை இங்கும் உள்ளன.

சங்கடம் இதுதான். ஒரே தொகுப்பில், சிலுவையின் பெயரால் வரும் இரக்கம் மனிதரிடம் வந்து நின்றுவிடுகிறது. யானையையும் புழுவையும் எட்டும் இரக்கம் சிலுவையின் பெயரின்றி வருகிறது. ஆசிரியர் திட்டமிட்டு இப்படி அமைத்தார் என்று நான் கருதவில்லை. காலரா நாள்களில் சோமர்வெல் கொக்குக்குக் கட்டுப்போடவில்லையே என்று கேட்பது பேதைமை. எனினும், தமிழ்ச் சமூகத்தின் மனத்தில் கிறிஸ்தவ இரக்கத்துக்கு எது எல்லை என்று தோன்றியிருக்கிறதோ அதையே இவ்விரு கதைகளும் தம்மை அறியாமல் காட்டுகின்றன. பள்ளி, மருத்துவமனை, அநாதை இல்லம், தொழுநோயாளர் இல்லம் என்றால் கிறிஸ்தவர் நினைவு வரும். காட்டு விலங்கையும் வானத்துப் பறவையையும் பற்றிப் பேச்செடுத்தால் சமணர், வள்ளலார், பிராணிநலச் சங்கத்தார் நினைவுக்கு வருவர், நாம் வருவதில்லை. இதற்கு நாமே பொறுப்பு என்பது என் கருத்து. நம் வேதத்தில் குறையில்லை. அதை நாம் படிக்கும் முறையில் குறை இருக்கிறது.

முதலில் ‘யானை டாக்டர்’ கதையைப் பற்றி இரு சொற்கள். அது பெற்ற புகழ் தகுதியானதே. ஆனால் வாசகர் கண்ணீர் விடும் இடமும் கதை உண்மையில் உயரும் இடமும் வெவ்வேறு என்று எனக்குப் படுகிறது. இறுதியில் யானைகள் கூட்டமாய்த் துதிக்கை தூக்கிப் பிளிறி அந்த மருத்துவரைப் போற்றும் காட்சியில் எல்லாரும் கலங்குகிறோம். அரசின் விருது வராத இடத்தில் காட்டின் விருது வருகிறது. கதைக்கலை வகையில் அது குறையற்ற முடிவு. ஆயினும் அவ்விடத்தில் யானை நன்றி சொல்லும் மனிதனாகிவிடுகிறது, கைம்மாறு கிடைத்துவிடுகிறது. எனக்கு அதனினும் பெரிதாகத் தோன்றுவது முற்பகுதியில் வரும் புழுக்களின் காட்சி. பிணத்தில் நெளியும் புழுக்களைக் கண்டு இளம் அதிகாரி குமட்டி நிற்கிறார். மருத்துவரோ அவற்றைக் கைக்குழந்தைகளைப் பார்ப்பது போலப் பார்க்கிறார். புழு துதிக்கை தூக்காது, நன்றி சொல்லாது, திரும்பிக்கூடப் பாராது. திருப்பிச் செய்ய இயலாதவரை விருந்துக்கு அழையுங்கள் என்று லூக்கா நற்செய்தியின் 14ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் சொன்னதற்கு இவ்வளவு பொருத்தமான காட்சியை எந்த மறையுரை நூலிலும் நான் கண்டதில்லை.

இன்னொரு குறையையும் சொல்லிவிடுகிறேன். விலங்கின் மேன்மையை எடுத்துக்காட்ட மனிதனின் கீழ்மையை மிகுதியாகப் பயன்படுத்துகிறது இக்கதை. பாட்டிலை வீசியவனுக்கு அதில் முகமே இல்லை. ஆனால் அவன் முகம் எனக்குத் தெரியும். அவன் ஞாயிறு பூசைக்கு வருகிறவன். பிள்ளைக்கு முதல் நன்மை கொடுக்க வேண்டும் என்று பங்கு இல்லத்துக்கு வந்து நிற்கிறவன். சுற்றுலாவுக்குப் புறப்படும் வேனை ஆசீர்வதிக்கச் சொல்கிறவன். அவனை வெறுத்துவிட்டு யானையை நேசிப்பது எளிது. மேய்ப்புப் பணியில் இருப்பவனுக்கு அந்த எளிய வழி திறந்திருக்கவில்லை.

இனி வேதத்தைப் படிக்கும் முறைக்கு வருவோம். சிட்டுக்குருவிகளைப் பற்றி ஆண்டவர் பேசும் பகுதி இரு நற்செய்திகளில் உள்ளது. மத்தேயு 10ஆம் அதிகாரத்தில் ஒரு காசுக்கு இரண்டு குருவிகள் விற்கப்படுகின்றன. லூக்கா 12ஆம் அதிகாரத்தில் இரண்டு காசுக்கு ஐந்து. அந்தக் காசு ஒரு தெனாரியத்தில் பதினாறில் ஒரு பங்கு; தெனாரியம் ஒரு தொழிலாளியின் ஒரு நாள் கூலி. இரண்டு கணக்கையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு காசுக்கு இரண்டு என்றால் இரண்டு காசுக்கு நான்குதான். ஐந்தாவது குருவி கொசுறு. நம் சந்தையில் கத்திரிக்காய் வாங்கினால் மேலே போடும் ஒரு பிடி கறிவேப்பிலை போல. விலையே இல்லாத அந்தக் குருவியையும் சேர்த்துத்தான், ஒன்றையேனும் கடவுள் மறப்பதில்லை என்கிறார் இயேசு பெருமான். சந்தை விலையை அறிந்தவரின் பேச்சு அது. ஏழைகள் வாங்கி உண்ணும் இறைச்சி குருவி இறைச்சி. நாசரேத்துத் தச்சர் வீட்டிலும் அதன் விலை தெரிந்தே இருக்கும்.

இப்பகுதியை வைத்து எத்தனையோ மறையுரைகள் கேட்டிருக்கிறோம். குருக்களாகிய நாங்கள் ஆற்றியும் இருக்கிறோம். எல்லாவற்றிலும் நடப்பது ஒன்றே. குருவியில் ஏறி மனிதனுக்குப் போய்ச் சேர்ந்தவுடன் குருவியை விட்டுவிடுகிறோம். குருவிகள் பலவற்றைவிட நீங்கள் மேலானவர்கள் என்ற இறுதி வாக்கியம் மட்டும் நிற்கிறது. ஆனால் வாதத்தின் அமைப்பைக் கவனிக்க வேண்டும். சிறியதில் உண்மையானது பெரியதில் இன்னும் உண்மையாகும் என்று யூத மறைநூல் அறிஞர் வாதிடும் முறை இது. குருவியைக் கடவுள் நினைவில் வைத்திருக்கிறார் என்பது உவமைக்காகச் சொல்லப்பட்ட அலங்காரம் என்றால் மனிதனைப் பற்றிய முடிவும் அலங்காரமாகிவிடும். அடிப்படியை உருவிவிட்டு மேற்படியில் நிற்க முடியுமா?

குருவியை அலங்காரமாக்கும் இந்தப் பழக்கம் நம்மோடு தொடங்கியதன்று. சூடடிக்கும் மாட்டின் வாயைக் கட்டாதே என்று இணைச்சட்டம் 25ஆம் அதிகாரம் விதிக்கிறது. கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் 9ஆம் அதிகாரத்தில் தூய பவுல் அதை எடுத்துக்கொண்டு, கடவுளின் அக்கறை மாடுகளைப் பற்றியதா என்று வினவி, இது நற்செய்திப் பணியாளரின் உரிமையைக் குறித்தது என்று விளக்குகிறார். குருமடத்தில் இப்பகுதியைப் படித்தபோது உருவகப் பொருள்கோளுக்குச் சிறந்த எடுத்துக்காட்டு என்று கற்பிக்கப்பட்டது. பவுலடியார் தம் வாதத்துக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டார், அதில் பிழையில்லை. ஆனால் நாஞ்சில் நாட்டுக் களத்தில் மாடு விட்டுச் சூடடித்ததைக் கண்ட தலைமுறை இன்னும் நம்மிடையே இருக்கிறது. காலடியில் நெல்லும் வைக்கோலும் கிடக்க, வாய்க்கூடு போட்ட மாடு சுற்றிச் சுற்றி நடப்பது எப்படி இருக்கும் என்று அவர்களிடம் கேளுங்கள். அச்சட்டம் முதலில் மாட்டுக்குத்தான். அதே நூலின் 22ஆம் அதிகாரத்தில் பறவைக் கூட்டைப் பற்றிய கட்டளை இருக்கிறது. குஞ்சுகளோ முட்டைகளோ உள்ள கூட்டை வழியில் கண்டால் தாய்ப் பறவையைப் பிடிக்காமல் போகவிட வேண்டும். அப்படிச் செய்பவருக்கு வாக்களிக்கப்படுவது நலமும் நீடித்த வாழ்நாளும். தாய் தந்தையை மதிப்போருக்குப் பத்துக் கட்டளையில் தரப்பட்ட வாக்குறுதியும் அதுவே. பெற்றோரை மதித்தல் பற்றி ஆண்டுதோறும் மறைக்கல்வி வகுப்பில் கற்பிக்கிறோம். பறவைக் கூட்டைப் பற்றிய பாடம் எந்த வகுப்பில் இருக்கிறது?

இந்தப் படிப்பு முறை நம் தமிழ்க் கிறிஸ்தவ இலக்கியத்தையும் வடிவமைத்திருக்கிறது. இதற்குக் குறவஞ்சியைவிடத் தெளிவான சான்று இல்லை. திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சியில் சிங்கன் பறவை பிடிக்க வருகிறான். வயலில் இறங்கும் பறவைகளைப் பெயர் பெயராகச் சொல்லி, அவை மேய்வதைக் கண்ணால் அளந்து, கண்ணி வைக்கிறான். பிடித்துத் தின்பதற்காகத்தான் வருகிறான் என்றாலும் ஒவ்வொரு பறவையும் அவனுக்குத் தனித்தனிப் பறவை. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) அவ்வடிவத்தை எடுத்துப் பெத்லகேம் குறவஞ்சி பாடினார். சீர்திருத்தச் சபையைச் சேர்ந்த அப்பெரும்புலவரின் ஆற்றலில் யாருக்கும் ஐயமில்லை. அங்கே குறத்தி விசுவாசமாகிறாள். பறவை பிடித்தல் ஆன்மாக்களைத் திருச்சபைக்குச் சேர்க்கும் பணியாகிறது. அழகான மாற்றந்தான். ஆனால் அம்மாற்றத்தில் வயலில் இறங்கிய பறவைகள் எங்கே போயின? அவை பறந்துவிட்டன, அவற்றின் பொருள் மட்டும் வலையில் அகப்பட்டது.

நம் கத்தோலிக்க மரபில் வீரமாமுனிவரின் நிலை சற்று வேறு. தேம்பாவணியில் யூதேயா நாட்டைப் பாட வந்தவர் காவிய மரபின்படி அதைத் தமிழ் மருத நிலமாகவே விரித்தார். நீரும் வயலும் சோலையும் அவற்றில் வாழும் உயிர்களும் பொருள் சொல்வதற்காக மட்டும் வரவில்லை. நாடு நாடாக இருப்பதற்காக வருகின்றன. இத்தாலியில் பிறந்தவர் தமிழ்க் காவியக் கண்களால் பார்த்ததன் நன்மை அது. பின்னால் வந்த நம் பக்திப் பாடல்களில் இவ்வளவுகூட இல்லை. மாடப்புறா என்றால் தூய ஆவி, செம்மறி என்றால் கிறிஸ்து, மீன் என்றால் ஆன்மா, நரி என்றால் ஏரோது. அகராதி தயாராக இருக்கிறது. உயிரைப் பார்க்க வேண்டிய தேவையே எழுவதில்லை.

இதற்கு மாறான ஒரு நூலைக் கத்தோலிக்கர் ஒருவரே தந்திருக்கிறார். ஜோ டி குருஸின் ‘ஆழி சூழ் உலகு’ 2004இல் வந்தது. கட்டுமரக் காலத்துப் பரதவர் வாழ்வைச் சொல்லும் அந்நாவலில் கோயிலும் குருவும் திருவிழாவும் உண்டு. ஆனால் என்னைக் கவர்ந்தது மீன்களைப் பற்றிய அறிவு. எந்த மீன் எக்காற்றில் எந்த நீரோட்டத்தில் எப்படி வரும், தூண்டிலில் பட்டது எப்படி இழுக்கும் என்பதெல்லாம் அங்கே உடம்பால் அறிந்த செய்திகள். கொல்கிறவர்தாம் அவர்கள். ஆயினும் மீனை ஆன்மாவின் உருவகமாக மட்டும் அறிந்த மறையுரையாளரைவிட, மீனோடு மல்லுக்கு நின்ற அந்தக் கடலோடி மீனை மதிக்கிறார். கருணை என்றால் மென்மையான பேச்சு என்று எண்ணிவிடக் கூடாது. அதன் முதற்படி கவனம். இக்கடற்கரையில் நின்று புலால் மறுத்தலைப் போதிக்க நான் வரவில்லை. உயிர்த்த ஆண்டவரே திபேரியாக் கடற்கரையில் கரிநெருப்பு மூட்டி மீன் சுட்டுச் சீடர்களுக்குக் கொடுத்தார்.

இங்கே ஒரு வலுவான எதிர்வாதம் எழும். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வீசியபோது நம் கடலோரப் பங்குகளில் எத்தனை வீடுகள் ஆண் துணையை இழந்தன என்பது நமக்குத் தெரியும். கரையில் நின்று கடலையே பார்த்துக்கொண்டிருந்த பெண்களிடம் போய்ப் பறவையைப் பற்றிப் பேச முடியுமா? மனிதர் துன்பம் தீர்ந்த பிறகல்லவா விலங்கின் துன்பம்? இவ்வாதத்தை நான் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. திருச்சபையின் மறைக்கல்வி நூலும் இதை அறிந்தே பேசுகிறது. 1992இல் வெளியிடப்பட்ட அந்நூலின் 2415 முதல் 2418 வரையுள்ள எண்களைப் படித்துப் பாருங்கள். விலங்குகள் கடவுளின் படைப்புகள்; அவை வெறுமனே இருப்பதாலேயே கடவுளுக்கு மாட்சி அளிக்கின்றன; மனிதர் அவற்றுக்குக் கனிவு காட்டக் கடமைப்பட்டவர்; தேவையின்றி அவற்றைத் துன்புறுத்துவதும் கொல்வதும் மனித மாண்புக்கு முரண். உணவுக்கும் உடைக்கும் அவற்றைப் பயன்படுத்தலாம். மனிதரின் துயர் துடைக்க முதலில் செல்ல வேண்டிய பணத்தை விலங்குகளுக்குச் செலவிடுவது தகாது என்றும் அது சொல்கிறது. வளர்ப்பு நாய்க்குப் பிறந்தநாள் கொண்டாடும் நகரத்து நாகரிகத்துக்கு அந்தக் கடைசி வரி நல்ல மருந்து.

ஆனால் கண்ணி வைக்காமல் இருப்பதற்கு எந்த ஏழையின் பணமும் செலவாவதில்லை. மனிதரா, விலங்கா என்று இருவரையும் தராசில் ஏற்றும் பழக்கம் வேதத்துக்கு உரியதும் அன்று. யோனா நூலின் கடைசி வாக்கியத்தை நினைவுகூருங்கள். நினிவே நகரை அழிக்காமல் விட்டதற்குக் கடவுள் கூறும் காரணத்தில் ஓர் இலட்சத்து இருபதாயிரத்துக்கு மேற்பட்ட மாந்தர் வருகின்றனர். அதே மூச்சில் எண்ணற்ற விலங்குகளும் வருகின்றன. நூலே அந்த விலங்குகளோடுதான் முடிகிறது. இறைவாக்கினரின் கோபத்துக்கு மறுமொழியாக ஆண்டவர் கடைசியாகச் சொல்வது கால்நடையைப் பற்றி என்பது விந்தையாக இல்லையா?

தூய தோமா அக்குவினாரின் விளக்கத்தையே குருமடங்களில் நெடுங்காலம் பயின்றோம். விலங்கிடம் கொடுமை பழகியவன் மனிதரிடமும் கொடியவனாவான். ஆகவே அதைத் தவிர்க்க வேண்டும் என்பது அவர் கூறும் காரணங்களுள் ஒன்று. அது உண்மையே, ஆனால் போதாத உண்மை. அடிபடுகிற நாயின் வலி அதில் கணக்கில் வரவில்லை. அடிப்பவனின் குணக்கேடு மட்டுமே வருகிறது. திருத்தந்தை பிரான்சிசு 2015 மே 24 நாளிட்டு வெளியிட்ட ‘இறைவா உமக்கே புகழ்’ என்னும் சுற்றுமடல் இங்கே ஒரு படி மேலே செல்கிறது. பிற உயிர்களுக்குக் கடவுளின் கண்களில் அவற்றுக்கே உரிய மதிப்பு உண்டு, மனிதருக்குப் பயன்படுவதால் மட்டும் வரும் மதிப்பன்று என்று அது தெளிவாக உரைக்கிறது. மண்ணுலகை ஆண்டு நடத்துங்கள் என்ற தொடக்கநூல் வாக்கைச் சூறையாடும் உரிமையாகக் கொள்வது திருச்சபையின் பொருள்கோள் அன்று என்றும் அதே மடல் சொல்கிறது. நான் மேலே காட்டிய பறவைக்கூட்டுக் கட்டளையையும் அம்மடல் நினைவூட்டுகிறது. நம் பங்குகளில் அதைப் பற்றிக் கருத்தரங்கு நடந்திருக்கிறது, மரக்கன்று நட்டிருக்கிறோம், படமும் எடுத்துக்கொண்டோம். மரத்தில் வந்து அமரும் உயிரைப் பற்றிய பேச்சு மட்டும் இன்னும் தொடங்கவில்லை.

பேச்சு தொடங்க வேண்டிய இடம் நமக்கு மிக அருகில் இருக்கிறது. சுசீந்திரம், தேரூர்க் குளங்களும் பழையாறு கடலில் சேரும் மணக்குடிக் காயலும் பறவைகளுக்குப் பெயர் பெற்றவை. ஏறத்தாழ 94 எக்டேர் பரப்புள்ள சுசீந்திரம் தேரூர் ஈரநிலம் 2022இல் பன்னாட்டுச் சிறப்புடைய ராம்சார் ஈரநிலங்களுள் ஒன்றாக அறிவிக்கப்பட்டது. கூழைக்கடாவும் நத்தைகுத்தி நாரையும் அரிவாள் மூக்கனும் அங்கே உண்டு. ஐப்பசி தொடங்கிப் பங்குனி வரை வடக்கிலிருந்து வரும் வாத்துகளும் உள்ளான்களும் தங்குகின்றன. நாட்டின் தென்கோடி இது. இதற்கப்பால் கடல். இறைச்சிக்காகக் கொக்கும் மடையானும் நீர்க்கோழியும் பிடிக்கப்படுவது நம் மாவட்டத்தார் அறியாத செய்தி அன்று. 1972ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டம் அதைத் தடுக்கிறது. ஆனால் சட்டத்தைப் பற்றிப் பேச வேண்டியவர் வனத்துறையினர். நான் பேச வேண்டியது அதை விலை கேட்டு வாங்குகிறவரிடம். அவருள் நம்மவரும் உண்டு.

காலத்தைக் கவனியுங்கள். அப்பறவைகள் இங்கே தங்கும் மாதங்களின் நடுவில்தான் கிறிஸ்து பிறப்பு விழா வருகிறது. நள்ளிரவுத் திருப்பலி முடிந்ததும் நீர்நிலை ஓரத்து ஊர்களில் வெடி வெடிக்கிறோம். திருவிழாக்களில் வாணவேடிக்கைக்கு எவ்வளவு செலவாகிறது என்பது விழாக் குழுவினருக்குத் தெரியும். திருநெல்வேலி மாவட்டக் கூந்தன்குளத்திலும் சிவகங்கை மாவட்டக் கொள்ளுக்குடிப்பட்டியிலும் தம் குளத்துப் பறவைகள் அஞ்சிப் போய்விடக் கூடாது என்று ஊர் மக்கள் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. சரணாலயம் என்ற அறிவிப்புப் பலகை சொல்லித் தந்த பழக்கமன்று அது. பறவைகளைத் தம் ஊர் விருந்தாளிகளாகக் கருதியதால் தாமே மேற்கொண்ட கட்டுப்பாடு. அசிசி நகர் புனித பிரான்சிசின் வரலாற்றை எழுதிய செலானோ நகர் தோமா ஒரு செய்தி தருகிறார். பேரரசரிடம் பேச வாய்ப்புக் கிடைத்தால், கிறிஸ்து பிறந்த நாளில் பறவைகள், குறிப்பாக வானம்பாடிகள், நிறைவாக உண்ணும்படி வழிகளில் தானியம் தூவ ஆணையிடுமாறு கேட்பேன் என்று பிரான்சிசு சொல்வாராம். 1223இல் கிரேச்சியோ என்னுமிடத்தில் உயிருள்ள மாட்டையும் கழுதையையும் நிறுத்திக் குடில் அமைத்தவரும் அவரே. அக்குடிலை நாம் எடுத்துக்கொண்டோம். மாடும் கழுதையும் சாந்துப் பொம்மைகளாயின. தானியம் தூவச் சொன்னதை விட்டுவிட்டோம். அவ்விடத்தில் வெடி வந்து சேர்ந்தது. 1979ஆம் ஆண்டு திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அவரைச் சூழலியலின் பாதுகாவலராக அறிவித்ததையும் விழா மலர்களில் தவறாமல் அச்சிடுகிறோம்.

நேர்ச்சை ஆடு கோழிகளைப் பற்றியும் ஒரு சொல் சொல்ல வேண்டும். அசனம் ஏழைகளுக்குச் சோறிடும் நல்ல வழக்கம். அதை நிறுத்தச் சொல்லவில்லை. கோழிகளைக் காலைக் கட்டித் தலைகீழாகத் தொங்கவிட்டுப் பேருந்தில் கொண்டு வருவதும், ஆட்டை வெயிலில் தண்ணீரின்றி நாள் முழுவதும் கட்டிப் போடுவதும் நேர்ச்சையின் பகுதிகள் அல்ல. புனிதருக்கு உரியதென்று கொண்டு வந்த உயிரை அப்படி நடத்துவது எந்த முறையில் சேர்த்தி?

கடைசியாக, நம் மறைசாட்சியைப் பற்றி. 2022 மே 15ஆம் நாள் புனிதராக உயர்த்தப்பெற்ற தேவசகாயத்தின் வரலாற்றை நம் ஊர்களில் நாடகமாக நடிக்கக் கண்டிருக்கிறோம். கைகளைக் கட்டி, எருக்கம்பூ மாலை போட்டு, எருமை மீது பின்புறம் நோக்கி உட்காரவைத்து ஊர் ஊராகக் கொண்டு போனார்கள். எருமை கூற்றுவனின் ஊர்தி, இழிவின் அடையாளம், அதனால்தான் அதைத் தேர்ந்தார்கள். நான் கண்ட நாடகங்கள் எல்லாவற்றிலும் எருமை அந்த ஒரு பொருளோடு வந்து போய்விடுகிறது. எண்ணிக்கை நூலில் பிலயாமின் கழுதை தீர்க்கதரிசிக்கு முன்பே வானதூதரைக் காண்கிறது. ஏன் என்னை அடிக்கிறாய் என்று கேட்கவும் செய்கிறது. ஆண்டவரைச் சுமந்து எருசலேமுக்குள் நுழைந்த கழுதைக்குட்டியைக் குருத்து ஞாயிறுதோறும் பாடுகிறோம். ஒரு புனிதரைச் சுமந்து தென் திருவிதாங்கூரின் வெயிலில் நடந்த அந்த எருமைக்கும் தாகம் எடுத்திருக்கும். அதன் முதுகிலும் கோல் விழுந்திருக்கும். இருவரையும் ஒரே கயிறுதான் இழுத்துச் சென்றது. அடுத்த முறை இந்நாடகத்தை எழுதி மேடையேற்றும் இளைஞர் எவரேனும் வழியில் ஓர் ஊருணிக் கரையில் எருமையை நிறுத்தித் தண்ணீர் காட்டும் காட்சி ஒன்றை எழுதினால், அதைப் படித்துப் பார்க்க ஆவலாய் இருக்கிறேன்.